மூலை வரைக்கும் கரி

1891 ஜூன் 20, சனி. தூத்துக்குடிக்கு வெளியே, நங்கூரத்தில்.

கரி ஏற்றி முடிந்தது. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்துப் பிற்பகல் மூன்று மணி வரை இழுத்தது. பதினொரு தோணிக் கரி. இரண்டு கரியறைகளையும் நானே பார்த்தேன். மூலை வரைக்கும் நிறைந்திருக்கிறது. மொத்தம் இருநூறு டன். 'மரகதம்' கப்பலின் இரண்டாம் இஞ்சின் டிரைவர் என்ற முறையில் ஏட்டில் கையெழுத்துப் போட்டேன்: இஞ்ஞாசி மிராந்தா.

இன்று முதல் இந்த நோட்டில் எழுதிவர வேண்டும் என்பது ஞானமுத்து அண்ணாச்சியின் உத்தரவு. அவர்தான் எங்கள் முதல் டிரைவர். பம்பாயில் பெரிய சர்ட்டிபிகேட்டுக்குப் பரீட்சை எழுதப் போனால், கடலில் என்ன செய்தாய் என்று கேட்பார்களாம், அதற்கு இதைக் காட்ட வேண்டுமாம். மில்லில் ஆறு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். கப்பலுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஒரு பயணம் முடிந்தால் பரீட்சைக்குத் தகுதி வந்துவிடும். ஆகவே எழுதுகிறேன்.

சாயங்காலம் தங்கை லூர்தின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான். மனைவி செசிலி கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்துவிட்ட வெள்ளைச் சட்டையை விடிந்ததிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாகத் திரும்பிய கரித்தோணியில் இடம் கேட்டு ஏறினேன். மரியாதையாகச் சாக்கு விரித்து உட்கார வைத்தார்கள். அடியில் கட்டி கட்டியாக ஏதோ குத்தியது. தோணியும் ஏனோ கனத்துக் கிடந்தது, தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். கரை சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாக்கில் உப்பு வைத்ததும் குழந்தை ஊரைக் கூட்டிற்று. மனுவேல் என்று பெயர். கரிக்கப்பலிலிருந்து வந்தும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை என்று செசிலிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு.

விடிந்ததும் புறப்பட்டோம். பூசை காணாத ஞாயிறு.

இதுவரை இந்தக் கப்பல் கொழும்புக்குப் போய்வந்தது. ஒரு ராத்திரிப் பயணம், கரியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. இப்போது மொரீசியஸ் தீவு. இரண்டாயிரத்து நூற்றைம்பது மைல். அரிசி, வெங்காயம், கருவாடு, முப்பத்தெட்டுப் பயணிகள். வழியில் ஒரு கூடை கரி கிடைக்காது. நடுவில் ஒரு தீவில் முன்பு கரிக் கிடங்கு வைத்திருந்தார்கள், அதையும் மூடியாயிற்று. எடுத்துப்போகிற கரிதான் கடைசி வரைக்கும்.

ஆனி மாசக் காற்றுக்குப் பயந்து பாய்த்தோணிகள் எல்லாம் கரையில் முடங்கிக் கிடக்கின்றன. நாங்கள் மட்டும் புகைவிட்டுக்கொண்டு கிளம்பினோம். ஒரு தோணிக்காரர் கையைக் குவித்துக் கத்தினார்: "எதுத்த காத்துல எங்கவே போறிய? காத்து என்ன கடன் கேட்டா வருது, நீங்க போயி வெரட்டுததுக்கு?"

கப்பித்தான் செய்யிது மீரான் மரைக்காயர் சிரிக்கவில்லை. காயல்பட்டணத்துக்காரர், பாய்க்கப்பலில் வளர்ந்து பிறகு ஆவிக்கப்பலுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கியவர். பாய்களைக் கழற்றிக் கரையில் வைத்தால் இன்னும் நாற்பது மூட்டை வெங்காயம் ஏற்றலாம் என்று முதலாளி சொன்னாராம். இவர் மறுத்துவிட்டார்.

ஜூன் 23, செவ்வாய்.

எதிர்க்காற்று, மழை. முழு நாளில் நூற்றைம்பது மைல்தான். எரித்தது பதினாறு டன். நல்ல கடலில் பதின்மூன்று டன்னுக்கு நூற்றுத்தொண்ணூறு மைல் போகலாம். ஆறு மணி நேரம் அண்ணாச்சி, ஆறு மணி நேரம் நான் என்று மாறி மாறி நிற்கிறோம். படுத்தால் தூக்கம் வருவதற்குள் எழுப்புகிறார்கள்.

ஜூன் 24, புதன்.

பதினாறு டன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 25, வியாழன்.

வியர்வையில் பென்சில் வழுக்குகிறது. கீழே உலைகளுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு நான் எழுதுகிற நேரம்கூடக் கிடையாது. நான்கு உலை. கரி போட வேண்டும், கிளற வேண்டும், அடியில் உருகிப் பிடிக்கிற கிட்டத்தை உடைத்து இழுக்க வேண்டும், சாம்பலை வாளியில் மேலே ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். வங்காளக் கரி, பாதிக்குப் பாதி சாம்பல். கரியறைக்குள் இருந்து கரியை வாரி உலை வாசலுக்குத் தள்ளுகிறவன் பேச்சிமுத்து. நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாது. இருட்டில், தூசியில், ஒரு சிமினி விளக்கை வைத்துக்கொண்டு எப்படித்தான் அவ்வளவு பேசுகிறானோ.

சும்மா இருந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கப்பல் சுமக்கிற சரக்கு முந்நூற்றைம்பது டன். அதைச் சுமக்க இருநூறு டன் கரி. அந்தக் கரியைச் சுமக்கவும் கரி எரிகிறது. இஞ்சினும் பாய்லரும் நடுவயிற்றை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கின்றன. கொழும்புக்குப் போனால் இது தெரியவே தெரியாது. தூரம் கூடக் கூடத்தான் தெரிகிறது. இன்னும் இரண்டாயிரம் மைல் கூடினால் சரக்குக்கே இடம் இருக்காது, கரியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போறவன் வழியெல்லாம் கட்டுச்சோறு தின்னுக்கிட்டே போறான்ல. என்ன, இது குறிச்ச நாளுக்குப் போயிரும். பாய்க்கப்பல் காத்து வர்ற வரைக்கும் மூணு மாசம் கெடக்கும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

அவருக்கு இது கடைசிப் பயணம். நெஞ்சு முழுக்கக் கரிதான் இருக்கும் போலிருக்கிறது.

ஜூன் 26, வெள்ளி.

தலைவலி. பதினாறு டன்.

ஜூன் 27, சனி.

காற்று தணிந்தது. பூமத்திய ரேகையைத் தாண்டிவிட்டோமாம். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அதே புழுக்கம். நூற்றுத்தொண்ணூறு மைல் ஓடினோம், பதின்மூன்று டன். ஏட்டுப்படி இன்னும் தொண்ணூற்றொரு டன் இருக்கிறது. தாராளம்.

வேலை முடிந்து ஏணியில் ஏறும்போது பேச்சிமுத்து மறித்தான்.

"அய்யா, ஒரு சங்கதி. இந்தப் பக்கத்து அறையில அந்தண்டை மூலைக்கு மண்வாரிய நீட்டுனேன். தகடு கணீர்னு கேக்கு."

"கேட்டா?"

"கரி இருந்தா மொத்துனு கேக்கும்லா. எதுத்த அறையிலயும் அப்படித்தான். மூலையில ஒண்ணுமில்ல அய்யா."

"நாளைக்குப் பாக்கேன், போ" என்றேன். இவனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு புகார். முந்தாநாள் விளக்கு எண்ணெயில் தண்ணீர் என்றான்.

ஜூன் 28, ஞாயிறு.

கரியறைகளுக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். வாசலுக்கு நேரே குவியல் உயரமாக இருக்கிறது, அதைத் தாண்டினால் சரிந்து இறங்கி, தூரத்துச் சுவரை ஒட்டி வெறும் தகடு. தகட்டில் பழைய சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது. கடல் ஆட்டத்தில் கரி அடங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அடங்கியிருக்கிறது.

இரண்டிலும் சேர்த்து முப்பது டன் தேறினால் அதிகம். ஏட்டுப்படி எழுபத்தெட்டு இருக்க வேண்டும். மீதித் தூரம் எண்ணூற்றெழுபது மைல், அதற்கு அறுபது டன் வேண்டும்.

கையைக் கழுவக் கழுவக் கறுப்பு போகவில்லை. ஞாயிறென்று போட்ட வெள்ளைச் சட்டையை ஊறப்போட்டேன். பயமாக இருக்கிறது.

ஜூன் 29, திங்கள். இராயப்பர் சின்னப்பர் திருநாள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் இருமலோடேயே உள்ளே தவழ்ந்து போய்விட்டு வந்தார். வெளியே வந்தபோது கண் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இருவரும் மேலே போனோம்.

கப்பித்தான் ஏட்டைப் புரட்டினார். "இருநூறு டன்னுன்னு எழுதியிருக்கியளே தம்பி. நீங்கதான பாத்தது?"

"ஆமா."

"மூலை வரைக்கும்?"

"ஆமா."

"அப்ப நாப்பத்தெட்டு டன்னு கடல்ல எறங்கி நடந்தா போச்சு?"

சாம்பலோடு சேர்த்து நல்ல கரியையும் கொட்டிவிடுகிற வழக்கம் சில கப்பல்களில் உண்டு, கரி தள்ளுகிறவர்கள் பாரம் குறைய அப்படிச் செய்வார்கள் என்று பேச்சு வந்தது. கப்பித்தான் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். அவன் முதலில் சிரித்தான். கேலி என்று நினைத்தான் போல. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் எதுக்கு மொதலாளி கரியக் கொட்டுதேன்? கொறையுதுன்னு சொன்னதே நாந்தான!"

"பிடிபடப் போறோம்னு தெரிஞ்சா முந்திக்கிட்டுத்தான் சொல்லுவாங்க" என்றார் கப்பித்தான். போர்ட் லூயி போய்ச் சேர்ந்ததும் போலீஸில் ஒப்படைப்பதாகக் கப்பல் ஏட்டில் எழுதிவிட்டார். அதுவரைக்கும் அவன் வேலையை அவன் பார்க்க வேண்டும், வேறு ஆள் இல்லை.

பிற்பகல் பாய்களை ஏற்றினார்கள். இங்கே தென்கிழக்குக் காற்று நிலையாக அடிக்கிறது, பக்கவாட்டில் வாங்கலாம். ஒரே ஒரு உலை மட்டும் எரிய, இஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் கரிச்செலவு பாதி அல்ல, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இது மில்லில் யாரும் சொல்லித்தராத கணக்கு.

ஜூலை 1, புதன்.

நூற்றுப்பத்து மைல். நாலு டன். தண்ணீர் ஆளுக்குப் பாதி. பயணிகளில் ஒரு கிழவர், "ஆவிக்கப்பல்னு சீட்டு வாங்கிப் பாய்க்கப்பல்ல போறோம்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கப்பித்தான் மட்டும் பாயை அண்ணாந்து பார்க்கும்போது ஏதோ இளமை திரும்பினவர் மாதிரி நிற்கிறார். என்னைக் கண்டதும் முகம் மாறிவிடுகிறது.

ஜூலை 2, வியாழன்.

நாலு டன்.

ஜூலை 3, வெள்ளி.

கரியறைத் தரையில் தூளும் பொடியுமாக ஒரு முழ உயரத்துக்குக் கிடக்கிறது. அப்படியே உலையில் போட்டால் காற்றில் பறந்து புகைக்கூண்டு வழியாகப் போய்விடும். பேச்சிமுத்து சமையல்காரரிடம் அரிசிக் கஞ்சி கேட்டு வாங்கி, தூளில் பிசைந்து, வறட்டி மாதிரித் தட்டித் தகட்டில் காயவைத்திருக்கிறான். போட்டுப் பார்த்தோம். நின்று எரிகிறது. குறைந்தது ஆறு டன் தேறும், ஒன்றரை நாள் ஓட்டத்துக்குக் காணும். அண்ணாச்சி அவன் முதுகில் தட்டினார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய் ஓயாதவன் நாலு நாளாகப் பேசுவதே இல்லை.

நான் பக்கத்தில் போனபோது மட்டும் கேட்டான்.

"அய்யா, கரி ஏத்துன அன்னைக்கு நான் பாய்லருக்குள்ள குழாயில கசடு சொரண்டிக்கிட்டுக் கெடந்தேன். மேல வந்து தலைய நீட்டுனப்ப நீங்க தோணில எறங்குதிய. வெள்ள வெளேர்னு சட்டை. அதுக்கு முன்னதான் உள்ள போயிட்டு வந்தியளா?"

"வேலையப் பாரு" என்றேன்.

"பாக்கேன் அய்யா" என்று கஞ்சியைப் பிசைய ஆரம்பித்தான்.

ஜூலை 5, ஞாயிறு.

காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்குகிறது. கரி வறட்டியும் தீர்ந்தது. சரக்கறை மூடிப் பலகைகள், வெங்காயக் கூடைகள், பயணிகள் படுத்த மரத்தட்டிகள் எல்லாம் உலைக்குள் போகின்றன. பலகை ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. கரியின் அருமை மரத்தை எரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பிடி கரிக்கு ஒரு கட்டில் சமம்.

அண்ணாச்சிக்கு இருமலில் ரத்தம் வருகிறது. அவருடைய ஆறு மணி நேரத்தையும் நானே நிற்கிறேன். நின்றபடியே தூங்கிப் போய் வெந்நீர்க் குழாயில் கையைச் சுட்டுக்கொண்டேன்.

ஜூலை 7, செவ்வாய். போர்ட் லூயி.

காலை பத்து மணிக்குத் துறைமுக வாயில். ஊதல் ஊத வேண்டும் என்று கப்பித்தான் மேலிருந்து ஆள் அனுப்பினார். ஊதினால் மிச்ச ஆவியும் போய் இஞ்சின் நின்றுவிடும் என்றேன். ஊதாமலே உள்ளே போனோம். கரையில் நின்றவர்கள் ஆவிக்கப்பல் ஒன்று பாய் கட்டிக்கொண்டு லேசாகப் புகைந்தபடி வருவதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

முதலாளியின் ஆள் வந்து, குறித்த நாளுக்கு நாலு நாள்தான் தாமதம், இந்த மழைக்காலத்தில் வேறு எவன் வந்திருக்கிறான் என்று எல்லோர் கையையும் குலுக்கினார். அடுத்த மாதமும் இதே பயணமாம்.

சாயங்காலம் கப்பித்தான் கூப்பிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குத் துறைமுக ஆபீஸில் விசாரணை. "கப்பல் ஏட்டுல ஒரு வரிதான் இருக்கு தம்பி. நீங்க தனியா நோட்டு எழுதுறியளாமே. அன்னைக்கே எழுதுனது இருந்தா அதவிட சாட்சி வேற வேண்டியதில்ல. கொண்டு வாங்க" என்றார். இந்த நோட்டைத்தான் கேட்கிறார். குற்றம் நிரூபணமானால் பேச்சிமுத்துக்கு ஆறு மாதம் ஜெயில் கிடைக்கலாம். வெளியே வரும்போது கப்பல் இருக்காது. ஊருக்குத் திரும்ப அவனுக்கு வழியும் கிடையாது.

அண்ணாச்சி படுத்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னார்: "மில்லுல கரிய வெட்டவெளியில குவிச்சுருப்பான். மேல நின்னு பாத்தாப் போதும். கப்பல்ல அப்படி இல்லன்னு உனக்கு நான் சொல்லிக் குடுத்தனா இல்லயான்னு யோசிச்சுக்கிட்டே கெடக்கேன்."

"சொன்னிய அண்ணாச்சி."

"சொன்னனா?"

"நாலு தடவ சொன்னிய."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "உன் நோட்டு, உன் பரீட்சை. நாளைக்கு அது எப்படிப் போகுதோ அப்படிப் போகட்டும். நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் சொல்லவும் மாட்டேன்" என்றார்.

கீழே இறங்கினேன். உலைகள் அணைந்து இத்தனை நாளில் முதல் தடவையாக அங்கே சத்தமே இல்லை. பேச்சிமுத்து காலிக் கரியறையைக் கூட்டிக்கொண்டிருந்தான். இனி அவன் கூட்ட வேண்டியதே இல்லை.

"என்னப் பெத்த அய்யா இந்த ஊருக்குத்தான் கரும்பு வெட்ட வந்தாரு" என்றான், துடைப்பத்தை நிறுத்தாமல். "அப்ப எனக்கு மூணு வயசு. அஞ்சு வருசத்துல வாரேன்னு போனவரு. வரல. என் பொஞ்சாதிகிட்ட நான் ஒரு மாசத்துல வாரேன்னு சொல்லிருக்கேன் அய்யா."

வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 8, புதன். காலை.

மணி எட்டு. வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயவைத்தாயிற்று. கழுத்துப் பட்டையில் கறுப்பு போகவில்லை. அதையே போட்டுக்கொண்டு போகிறேன்.

பம்பாய்ப் பரீட்சைக்காரர்கள் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். மில்லில் பாய்லர் வேலை காலியாக இருந்தால் கேட்டுப் பார்க்கச் சொல்லிச் செசிலிக்கு எழுத வேண்டும். முன்னால் எழுதிய எதையும் அடிக்கவில்லை, பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை. நடந்ததைக் கீழே எழுதுகிறேன். பேச்சிமுத்துவின் விசாரணையில் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும்.

1891 ஜூன் 20, சனி. தூத்துக்குடிக்கு வெளியே, நங்கூரத்தில்.

கரி ஏற்றி முடிந்தது. கரியறைக்குள் நான் போகவில்லை. மேல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். வாசல் வரைக்கும் குவிந்திருந்தது, நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே தவழ்ந்தால் சட்டை கறுத்துவிடும், மாற்றுச் சட்டை இல்லை, ஞானஸ்நானத்துக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

கடைசித் தோணியில் கரைக்குப் போனேன். சாக்குக்கு அடியில் குத்தியது, கப்பலில் ஏற்றாமல் தோணிக்காரர்கள் மறைத்துத் திருப்பிய கரி. தெரிந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தால் தோணியைத் திருப்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தூக்காமல் இருந்தேன். ஒன்றரை மணி நேரம் அந்தக் கரியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் திரும்பின தோணிகளும் தாழ்ந்துதான் போயின.

ஜூன் 29 அன்று, சாம்பலோடு கரியைக் கொட்டியிருப்பான் என்று கப்பித்தானிடம் சொன்னது வேறு யாரும் இல்லை. நான்தான்.

பேச்சிமுத்து ஒரு துண்டு கரிகூடக் கடலில் கொட்டவில்லை.

கோயிலில் குழந்தையைக் கையில் வாங்கி, பசாசையும் அதன் கிரியைகளையும் விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டபோது குழந்தைக்குப் பதிலாக நான், விட்டுவிடுகிறேன் என்று பதில் சொன்னேன். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.